பந்தோடு ஓடுவதா, பந்தைக் கொடுப்பதா?
காற்பந்து வரலாற்றில் ஒரு பழைய வழக்கு

சிலாங்கூர் ஆற்றின் மேற்பகுதியில், கோலகுபு பாருவை அடுத்து அம்பாங் பெச்சா அமைந்திருக்கிறது. அதே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கோலசிலாங்கூர் இருக்கிறது. மலாய் மொழியில் அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது. 1883-ஆம் ஆண்டில் உடைந்துபோன அணையொன்றின் நினைவே அந்த ஊருக்குப் பெயராக நிலைத்தது. இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் முன்னர் ரப்பரும் பின்னர் செம்பனையும் பயிரான தோட்டங்கள் பல. லயம், கோயில், தமிழ்ப் பள்ளி ஆகியவற்றைப் போலவே ஆட்டத் திடலும் தோட்டத்தின் உறுப்புகளுள் ஒன்றாக இருந்தது. விடியலில் பெரட்டுக்கு நின்று, பால்வெட்டு முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய இளைஞர்கள் மாலையில் அத்திடல்களில் பந்தாடினர்.

அங்கே திடலோரத்திலிருந்து எழுந்த கூக்குரல்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, "பாஸ் குடுடா!" என்பது. மற்றொன்று, "விடாதே, நீயே கொண்டு போ!" என்பது. இரண்டும் ஒரே நொடியில் ஒரே பையனை நோக்கி எழுவதும் உண்டு. அவன் பந்தைக் கொடுத்து அது வீணானால் கோழை எனப்பட்டான். கொண்டோடி இழந்தால் தன்னலக்காரன் எனப்பட்டான். இந்த வழக்கு தோட்டத்துத் திடலில் பிறந்ததன்று. காற்பந்தின் வயது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு இதன் வயதும் ஆகும்.

1863-ஆம் ஆண்டு இலண்டனில் காற்பந்துச் சங்கம் தோன்றித் தன் முதல் விதிகளை வகுத்தது. அவ்விதிகளின்படி ஒருவன் பந்தை உதைக்கும்போது, அவனுக்கு முன்னால், எதிரியின் கோல் கோட்டுக்கு அருகில் நிற்கும் அவனது தோழன் எவனும் ஆட்டத்தில் சேராதவன். அதாவது பந்தை முன்னோக்கி ஒரு தோழனுக்குக் கொடுக்க வழியே இல்லை. எனவே பந்து கிடைத்தவன் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு நேரே ஓடினான். அவன் தோழர்கள் பின்னாலேயே கூட்டமாக ஓடினர். அவனிடமிருந்து பந்து தெறித்தால் அதைப் பிடித்து அடுத்தவன் ஓடினான். அந்நாளைய ஆங்கிலேயக் கனவான்கள் வீரம் எனக் கொண்டாடியது இதனையே. பந்தைப் பிறருக்குக் கொடுப்பது ஒருவகைப் பின்வாங்கல் என்னும் எண்ணம் இவ்விதியின் நிழலில் வளர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது. நெறி போலத் தோன்றிய அவ்வெண்ணத்துக்கு வேர் ஒரு விதியே.

1866-இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. முன்னால் நிற்பவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவராவது இருந்தால் அவன் பந்தைப் பெறலாம் என்றாயிற்று. வாயில் திறந்துவிட்டது, ஆயினும் இங்கிலாந்தில் பலர் அதனுள் நுழையவில்லை. பழகிய கால்கள் பழைய தடத்திலேயே ஓடின.

நுழைந்தவர்கள் ஸ்காத்லாந்தியர். 1867-இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய குயின்ஸ் பார்க் சங்கமே அங்குக் காற்பந்தை வளர்த்த தாய்ச் சங்கம். 1872 நவம்பர் 30-ஆம் நாள் அந்நகரின் பார்ட்டிக் பகுதியிலுள்ள கிரிக்கெட் திடல் ஒன்றில் இரு நாடுகளும் மோதின. உலகின் முதல் அதிகாரபூர்வ நாட்டு ஆட்டம் அதுவே. ஸ்காத்லாந்துக்கு ஆடிய பதினொருவரும் குயின்ஸ் பார்க் சங்கத்தினர். எதிரில் நின்ற ஆங்கிலேயர் உடல் எடையில் மிஞ்சியவர்கள், தனித்தோடுவதில் தேர்ந்தவர்கள். அவர்களோடு மார்புக்கு மார்பு மோதினால் தோல்வி உறுதி என்பதை ஸ்காத்லாந்தியர் அறிந்திருந்தனர் போலும். இருவர் இருவராக இணைந்து, ஓடிவரும் பெரிய ஆளுக்கு எட்டாதபடி பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து ஆடினர். ஆட்டம் கோலின்றி முடிந்தது.

கோல் இல்லாத ஆட்டத்தை வரலாற்றின் திருப்பமாகக் கூறுவது விந்தையாகத் தோன்றலாம். மறு ஆண்டு இலண்டனில் இங்கிலாந்து 4-2 என வென்றதும் உண்மை. ஆனால் பத்தாண்டுகளின் கணக்கைப் பார்க்க வேண்டும். 1878-இல் ஸ்காத்லாந்து 7-2 என வென்றது. 1881-இல் இலண்டனுக்கே சென்று 6-1 என வென்றது. 1882-இல் 5-1. மெலிந்தவர்கள் கண்டுபிடித்த வழி வலியவர்களை மண்டியிட வைத்தது.

அந்த 1881-ஆம் ஆண்டு அணிக்குத் தலைமை தாங்கியவர் ஆண்ட்ரூ வாட்சன் என்னும் கறுப்பர். அவர் பிறந்தது தென்னமெரிக்காவின் டெமராராவில். தந்தை ஸ்காத்லாந்தியர், கரும்புத் தோட்ட முதலாளி. தாய் அவ்வூர்க் கறுப்பினப் பெண். அதே டெமராராவின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் 1845 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழர்களும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டனர். தோட்டத்து மண்ணுக்கும் காற்பந்துக்கும் உள்ள உறவு மலாயாவில் தொடங்கியதன்று என்பதற்காகவே இது ஈண்டுக் குறிக்கப்படுகிறது.

இனி, பந்து வழங்கல் வென்றது, பந்தோடு ஓடல் தோற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? அங்கேதான் பலர் தவறுகின்றனர். பந்தை வழங்குவதால் பயன் எப்போது விளைகிறது என்பதை ஆராய்தல் வேண்டும். பந்து வைத்திருப்பவன் ஒருவன், பக்கத்தில் அவன் தோழன் ஒருவன், எதிரே தடுப்பவன் ஒருவன் எனக் கொள்வோம். பந்து வைத்திருப்பவன் ஒருபோதும் ஓடமாட்டான், கொடுத்துவிடுவான் என்பது தடுப்பவனுக்குத் தெரிந்திருந்தால், அவன் இருவருக்கும் நடுவிலுள்ள வழியில் நின்றுகொண்டு காத்திருப்பான். பந்து போகும் வழி அடைபடும். மாறாக, ஒருபோதும் கொடுக்கமாட்டான், ஓடியே தீருவான் என்பது தெரிந்திருந்தால், தடுப்பவன் தயங்காமல் அவன் காலடியிலேயே வந்து விழுவான். துணைக்கு இன்னொருவனையும் அழைத்துக்கொள்வான். இரண்டில் எதுவும் நடக்கலாம் என்ற நிலையில்தான் தடுப்பவன் அரை அடி முன் வைப்பதா, அரை அடி பின் வைப்பதா என்று தடுமாறுகிறான். அந்த அரை அடியில்தான் கோல் பிறக்கிறது.

ஆகவே ஓட்டம் என்பது எதிரியை இழுப்பதற்கு. வழங்கல் என்பது இழுக்கப்பட்டவன் விட்டுவந்த வெற்றிடத்தைப் பயன்படுத்துவதற்கு. எதிரியை இழுக்காமல் கொடுத்த பந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது, அவ்வளவே. எதிரியை இழுத்த பின்னும் கொடுக்காத பந்து பறிபோகிறது. இவ்விரண்டையும் பாதிக்குப் பாதி எனத் தராசில் நிறுத்திப் பங்கிடுவது சமநிலை ஆகாது. ஒன்று மற்றொன்றுக்கு விலை ஏற்றித் தரும் அளவே சமநிலை. அந்த அளவு எதிரிக்கு எதிரி மாறும். திடலின் பகுதிக்குப் பகுதியும் மாறும். தன் கோலுக்கு அருகில் மூவரை ஏமாற்ற முயல்பவன் அறிவிலி. எதிரியின் கோலுக்கு அருகில் ஒருவனைக்கூட ஏமாற்ற அஞ்சுபவனால் அணிக்கு ஆவது குறைவு.

1925-இல் மூவர் என்றிருந்த விதி இருவர் எனக் குறைந்தபோது முன்னோக்கிப் பந்து கொடுப்பது இன்னும் எளிதாயிற்று. ஸ்காத்லாந்திய முறையைக் கற்ற ஆங்கிலேயர் ஜிம்மி ஹோகன் அதனை வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் கற்பித்தார். 1953 நவம்பர் 25-ஆம் நாள் வெம்பிளி அரங்கில் ஹங்கேரி இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியது அந்தப் பயிற்சியின் நெடுநாள் விளைச்சல். இங்கிலாந்து தான் அனுப்பிய கடிதத்தைத் தானே படிக்க முடியாமல் திகைத்தது எனலாம்.

மலாயாவுக்குக் காற்பந்தைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர். 1921-இல் மலாயா என்ற பெயருடைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் இங்கு வந்து சென்றபின் அதன் மாலுமிகள் ஒரு கிண்ணத்தை அளித்தனர். அதற்கான முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. மறு ஆண்டு கிண்ணம் சிலாங்கூருக்கு வந்தது. மலேசியக் கிண்ணம் என 1967-இல் பெயர் மாறிய அப்போட்டியை 2015 வரையில் சிலாங்கூர் 33 முறை வென்றிருக்கிறது. நகரத்து அணிகளின் வரலாறு இவ்வாறு ஏட்டில் இருக்கிறது. தோட்டத்து ஆட்டத்துக்கு ஏடு இல்லை. ஆனால் அதன் இயல்பை அறிவது கடினமன்று.

முதலாவது, பந்து. சிறுவர்கள் மரத்திலிருந்து உரித்த ஒட்டுப்பாலைச் சுருட்டிச் சுற்றிப் பந்தாக்கினர். அது சிறியது, கனத்தது, தரையில் பட்டால் எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாதது. அதைத் தோழனுக்கு நேராக அனுப்புவது அரிது. காலுக்கு அருகில் வைத்து மெல்லத் தட்டிக்கொண்டு போவதே பாதுகாப்பு. இரண்டாவது, கால். சப்பாத்து வாங்க வசதியற்ற வெறுங்கால் தொட்டுணர்வதில் கூர்மையானது. நெடுந்தொலைவு உதைப்பதில் வலிமை குறைந்தது. மூன்றாவது, தரை. மேடும் பள்ளமும், மழை பெய்தால் சேறும் உள்ள இடத்தில் உருட்டிவிட்ட பந்து பாதியில் நின்றுவிடும். இவ்வாறு பந்தும் காலும் தரையும் சேர்ந்து தோட்டத்துப் பிள்ளையை ஓட்டக்காரன் ஆக்கின. மலாய் வர்ணனையாளர்கள் கெலெசெக் என்று சொல்லும் அந்த வளைந்து ஏமாற்றும் ஓட்டம் அவனுக்கு எவரும் சொல்லிக்கொடுத்து வந்ததன்று. 1863-இன் விதி ஆங்கிலேயனை ஓடவைத்தது போல, வறுமை தோட்டத்துப் பிள்ளையை ஓடவைத்தது. இதைப் பிறவிக் குணம் என்று புகழ்வாரும் ஒழுக்கக் குறை என்று இகழ்வாரும் ஒருங்கே பிழைபடுகின்றனர்.

வெறுங்கால் ஆட்டத்தின் சிறப்பும் அதன் எல்லையும் இந்தியாவின் வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி, 1-2 என்றே தோற்றனர். நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1952-இல், ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றனர். இரண்டாவது தோல்வியைப் பயிற்றுநராக இருந்து கண்டவர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர். ஐதராபாத் நகரப் போலீஸ் அணியை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணம் வெல்ல வைத்தவர்.

ரஹீம் செய்தவற்றுள் பள்ளிகள் கருத வேண்டியது ஒன்று உண்டு. பந்தோடு ஓடுவதையே தடைசெய்த போட்டிகளை அவர் ஐதராபாத்தில் நடத்தினார். அங்கே பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும். பலம் குறைந்த காலால் மட்டுமே ஆட வேண்டும் என்ற போட்டிகளையும் நடத்தினார். ஓட்டத்தை அவர் வெறுத்தார் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. ஓட்டக்காரர்கள் தாமாகவே விளையும் நிலத்தில் எதற்கு உரமிட வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். ஓட்டம் தெருவிலேயே கற்கப்பட்டுவிட்டது. வழங்கலைத்தான் ஆசிரியர் கற்பிக்க வேண்டியிருந்தது.

பயன் விரைவில் தெரிந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்றது. அவ்வாட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ரஹீம் கொண்டுசென்ற முன்னணியில் மூவர் இருந்தனர். வங்காளத்தின் சுனி கோஸ்வாமி எதிரியை வளைத்து ஏமாற்றுவதில் வல்லவர். அணித் தலைவரும் அவரே. பி. கே. பானர்ஜி ஓரத்தில் விரைந்தோடிக் கடும் உதை விடுபவர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவின் துளசிதாஸ் பலராம் பந்தை அடக்கவும் ஏமாற்றவும் தெரிந்தவர். ஆயினும் யாருக்கு, எப்போது கொடுப்பது என்பதில் அவர் கண் தனியானது. கோல் காவலில் சென்னை ரெஜிமெண்டில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்ற அதே அணி, செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்று தங்கம் பெற்றது. பானர்ஜி ஒரு கோல். தலையில் தையல் போட்டிருந்த, தடுப்பாட்டக்காரராயினும் முன்னணியில் நிறுத்தப்பட்ட ஜர்னைல் சிங் ஒரு கோல். அதே போட்டியில் மலாயா தென்வியட்நாமை 4-1 என வென்று வெண்கலம் பெற்றது நம்மவர் நினைவில் இருக்க வேண்டியது. ரஹீம் 1963 ஜூன் மாதம் காலமானார்.

அந்த மூவரில் கோஸ்வாமிக்கும் பானர்ஜிக்கும் பிற்காலத்தில் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. பலராமுக்கு வரவில்லை. நோயால் 1963-இலேயே ஆட்டத்தை விட்ட அவர், 2023 பிப்ரவரியில் மறைந்தார். பட்டங்கள் எந்தக் கணக்கில் போகின்றன என்பது வேறு ஆராய்ச்சி. ஆனால் ஓடியவனை ஊர் நினைக்கிறது, கொடுத்தவனை மறக்கிறது என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்றாக நிற்கிறது.

இந்த மறதி மலேசியாவிலும் உண்டு. 1953-இல் செத்தாப்பாக்கில் பிறந்து 1991-இல் மறைந்த மொக்தார் டஹாரியின் பெயரைக் கேட்டவுடன் மூத்த தலைமுறையினர் சொல்வது ஒரு கோலைத்தான். 1978-இல் மெர்டேக்கா அரங்கில் இங்கிலாந்தின் இரண்டாம் அணியை எதிர்த்து, பாதித் திடலிலிருந்து பந்தோடு ஓடி, குறுக்கிட்டவர்களை ஒதுக்கி அவர் அடித்த கோல் அது. ஆட்டம் 1-1 என முடிந்தது. அப்படி ஒரு கோல் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். அதைப் புகழ்வதில் குறையில்லை. அதையே இலக்கணமாக்கியதுதான் குறை. மொக்தாரைப் போல ஓடப் புறப்பட்ட ஆயிரம் பையன்கள் மொக்தாரின் தொடையும் வேகமும் தமக்கு இல்லை என்பதைப் பந்தை இழந்த பின்னரே அறிந்தனர்.

இலக்கணமாகக் கொள்ளத் தக்க கோல் வேறொன்று உண்டு. 1980 ஏப்ரல் 6-ஆம் நாள், அதே அரங்கில், மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிக்கான முடிவாட்டம். எதிரணி தென்கொரியா. மலேசியாவின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், தடுப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங். ஆட்டம் 1-1 என்றிருந்த இறுதிக் கட்டத்தில், சபாவின் ஹசான் சானி விரைந்தோடிக் கொடுத்த பந்தை, அதே சபாவின் ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். 2-1. ஹசான் சானியின் வேகத்துக்காக மக்கள் அவருக்கு லிப்பாஸ் கூடோங் என்று பட்டம் சூட்டியிருந்தனர். துறுதுறுப்பானவரைக் குறிக்கும் மலாய் வழக்கு அது. அத்தகைய ஓட்டக்காரர் தம் ஓட்டத்தை எங்கே முடிக்க வேண்டும் என்று அறிந்திருந்தார். அதுவே வெற்றி. அரசியல் காரணத்தால் மலேசியா மாஸ்கோவுக்குப் போகவில்லை. அந்த இடம் ஈராக்குக்குப் போயிற்று. போகாத ஒலிம்பிக்கின் துயரம், அந்தக் கோல் எப்படிப் பிறந்தது என்ற பாடத்தை மறைத்துவிட்டது.

மீண்டும் அப்பாடம் 2010-இல் வந்தது. அவ்வாண்டு தென்கிழக்காசியக் கிண்ணத்துக்கு மலேசியாவைத் தயாரித்தவர் கே. ராஜகோபால், மொக்தாரைப் போலவே செத்தாப்பாக்கில் பிறந்து, சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் முன்னணியில் ஆடியவர். டிசம்பர் 26-ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் இந்தோனேசியாவுடன் இறுதியின் முதல் ஆட்டம். ஒரு மணி நேரம் கோல் இல்லை. பிறகு நோர்ஷாருல் இட்லான் தலாஹா வலப்புறத்தில் தடுப்பாட்டக்காரரிடமிருந்து பந்தைப் பறித்து, கோல் கோட்டின் ஓரமாகவே கொண்டோடினார். அந்தக் கோணத்தில் தாமே அடித்திருக்கலாம். இந்தோனேசியக் காவலரும் அதையே எதிர்பார்த்திருக்கக் கூடும். அவர் பந்தைப் பின்னோக்கிக் கொடுத்தார்; சாஃபி சாலி அதை உள்ளே தள்ளினார். முடிவு 3-0. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றபோதும் மொத்தத்தில் 4-2 எனக் கிண்ணம் மலேசியாவுக்கு, முதன்முறையாக, வந்தது. அப்போட்டியில் மிகுதியான கோல் அடித்தவர் என்ற பெருமை சாஃபிக்கு உரியது. இறுதியின் முதல் ஆட்டத்துக் கோல் பட்டியலில் நோர்ஷாருலின் பெயர் இல்லை.

இதற்கிடையில் தோட்டத்துத் திடல்களுக்கு என்ன நேர்ந்தது? ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குறைந்த ஆட்களே போதும் என்றாயிற்று. பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறின. லயங்கள் காலியாயின. ஒரு காலத்தில் பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டு, 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரைச் சுற்றிலும் இந்த மாற்றத்தைக் காணலாம். நாட்டில் தமிழ்ப் பள்ளிகள் இன்றும் ஐந்நூற்றுக்கு மேல் இருப்பினும், தோட்டப்புறத்தில் பதினொருவர் கொண்ட இரண்டு அணிகளை நிறுத்த முடியாத அளவுக்கு மாணவர் குறைந்த பள்ளிகள் உள்ளன.

அங்கே ஆட்டம் ஐவருக்கு ஐவர், அறுவருக்கு அறுவர் என்ற கணக்கில்தான் நடக்கும். இதைக் குறையென்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை. ஆள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் பந்து அடிக்கடி வரும். இருவர் எதிர் ஒருவர் என்ற நிலை நிமிடத்துக்கு நிமிடம் உண்டாகும். ஓடுவதா, கொடுப்பதா என்று முடிவு செய்யும் வாய்ப்பு பெரிய திடலில் ஓர் ஆட்டத்தில் கிடைப்பதைவிடச் சிறிய திடலில் கால்மணி நேரத்தில் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால் இங்கும் பழைய கூக்குரல் நுழைந்துவிடுகிறது. போட்டி நெருங்கியதும், நன்றாக ஓடத் தெரிந்த பிள்ளையைப் பார்த்து "பாஸ்! பாஸ்!" என்று இடைவிடாது கத்துவதே பயிற்சி என்றாகிவிடுகிறது. முன்பு ஒட்டுப்பால் பந்தும் மேட்டுத் திடலும் ஓட்டத்தைத் தாமாகவே கற்றுக்கொடுத்தன. அவை இல்லாத இன்றைய பிள்ளைக்கு, கற்றுத் தராமல் ஓட்டமும் வராது. ரஹீமின் நாளில் ஓட்டத்தைத் தடைசெய்வது நல்ல பாடமாக இருந்ததற்குக் காரணம், ஐதராபாத்தின் பிள்ளைகள் ஓட்டத்தைத் தெருவிலிருந்து கொண்டுவந்திருந்தனர் என்பதே. காரணத்தை விட்டுவிட்டு வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் பயிற்றுநர், இல்லாத வெள்ளத்துக்கு அணை கட்டுகிறார்.

ஆதலின் இக்காலத்துச் சிறு பள்ளிகளில் ரஹீமின் போட்டியைத் தலைகீழாக நடத்திப் பார்ப்பதே பொருந்தும். ஒரு வாரம், எதிரி ஒருவனைக் கடந்த பின்னரே பந்தைக் கொடுக்கலாம் என்ற விதி. மறு வாரம், பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்ற விதி. மூன்றாம் வாரம் விதி ஏதுமில்லை. திடலோரத்தில் நிற்கும் பெரியவர்களும் வாய் திறக்கக் கூடாது.